பிள்ளை உண்டு, பங்கு இல்லை

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அப்படி வாசித்ததில் மனதோடு ஒட்டிக்கொண்டது ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் 2009இல் எழுதிய 'லெவயதன்'. ஸ்டீம்பங்க் வகை நாவல். அதாவது, அந்தக் காலத்தில் இல்லாத ராட்சத இயந்திரங்களை அந்தக் காலத்திலேயே ஓடவிட்டு, வரலாற்றை வேறு தடத்தில் திருப்பிப் பார்ப்பது.

கதை நடப்பது 1914இல், முதல் உலகப் போர் தொடங்கும் நேரம். அந்தப் போர் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசி, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. இன்றைக்கும் கெட்டிக்காரப் பயலைப் பார்த்தால் 'சரியான எம்டன்' என்கிறோம்.

நாவலில் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் காலூன்றி நடக்கும் போர் இயந்திரங்கள். பிரிட்டன் பக்கம், உயிர்களைக் கலந்து உருவாக்கிய மிருகங்கள். லெவயதன் என்பது திமிங்கிலத்திலிருந்து வளர்த்தெடுத்த பறக்கும் கப்பல். இயந்திரமா, உயிரா என்பதுதான் கதை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாவதுதான். முதலாவது, உரிமை.

அலெக் என்ற பையன். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் மகன். பையன் கற்பனை, ஆனால் அவன் தலையில் விழுந்த சிக்கல் நிஜம். இளவரசர் காதலித்த சோஃபி பிரபுக் குடும்பத்துப் பெண். அரச குலத்துக்கு அது போதாது என்றார்கள். பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை கிடையாது என்று 1900 ஜூன் 28 அன்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் கல்யாணம். 1914இல் அதே ஜூன் 28 அன்றுதான் சரயேவோவில் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். நிஜத்தில் அவர்களுக்கு மூன்று பிள்ளைகள் மிஞ்சினார்கள். பிள்ளை உண்டு, பங்கு இல்லை.

பங்கு என்றால் நம் ஊரில் விளக்கவே வேண்டாம். வளவைச் சுற்றி, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி, எந்த அறை யாருடையது என்பது, அது எத்தனை வருடம் பூட்டிக் கிடந்தாலும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிள்ளை கூட்டினால், அதாவது தத்தெடுத்தால், வந்த பிள்ளைக்கும் முழுப் பங்கு. அங்கே பெற்ற பிள்ளைக்கே இல்லை! இந்த இடத்தைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகள் அலெக்குக்காகச் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

சரி, அந்தப் பையன் என்ன செய்கிறான்? ஆல்ப்ஸ் மலையில் ஒளிந்திருக்கிறான். எதிரியின் லெவயதன் அடிபட்டுப் பனியில் விழுகிறது. உள்ளே காயம்பட்டவர்கள். காட்டிக்கொண்டால் தனக்கே ஆபத்து என்று தெரிந்தும் மருந்தை எடுத்துக்கொண்டு போகிறான். அப்புறம் தன் கோட்டையில் சேமித்த உணவையெல்லாம் அந்தப் பெரிய உயிருக்குக் கொடுக்கிறான். ஜெர்மானியர் நெருங்கும்போது, அவனுடைய நடை இயந்திரத்தின் எஞ்சினைக் கழற்றி அந்த உயிரோடு பூட்டுகிறார்கள். கப்பல் எழும்புகிறது. இயந்திரமும் உயிரும் சேர்ந்தால்தான் எல்லோரும் பிழைக்க முடியும்.

நேரம் ஆகிவிட்டது, நாவலில் வரும் டெரின் என்ற பெண்ணைப் பற்றி இன்னும் சொல்லவில்லை! பெண் என்பதால் பிரிட்டனின் விமானப் படையில் சேர முடியாது. டிலன் என்று பெயர் மாற்றி, பையனாக வேடமிட்டுச் சேர்கிறாள். அலெக்குக்கு உற்ற தோழன் ஆகிறாள், அவனுக்கோ உண்மை தெரியாது. இதற்கே தனியாக ஒரு உரை வேண்டும். மொத்தம் மூன்று பாகங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் கீத் தாம்ஸன் வரைந்த படங்களைப் பிடித்துக்கொண்டே போகலாம். வணக்கம்.