சூத்திரத்துக்கு முன்னால் அலகைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகும் பிள்ளைகள் இந்நேரம் அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சூத்திரங்களை வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்கச் சொல்கிறேன். இயற்பியலிலும் வேதியியலிலும் மதிப்பெண் போவது பெரும்பாலும் சூத்திரம் மறந்ததால் இல்லை. கேள்வியில் இருப்பது எந்த அளவு, அதன் அலகு என்ன என்று பார்க்காமல் கணக்குக்குள் இறங்குவதால்தான் போகிறது. ஆகவே திருப்புதலின்போது மூன்று வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். அளவின் பெயரையும் அலகையும் எழுதுங்கள். விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று மனதில் ஒரு எண்ணை நினையுங்கள். சூத்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.

இதைச் செய்து பழக நம் பெங்களூர் வீட்டுச் சமையலறையே போதும்.

ஒரு கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோகிராம் என்று கொள்ளலாம். குழாய்த் தண்ணீர் 25 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 100 என்றுதான் சொல்லும். அது கடல் மட்டத்துக்கான எண். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சுமார் 91,000 பாஸ்கல்தான், தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தேர்வில் கேள்வித்தாள் 100 என்று கொடுத்தால் 100-ஐயே போடுங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் 97 காட்டினால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராமை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய ஆற்றல், 4,200 ஜூல். 25-லிருந்து 97 வரை 72 டிகிரி. பெருக்கினால் 3,02,400 ஜூல். கெட்டிலின் அடியில் 1,500 வாட் என்று போட்டிருக்கும். வாட் என்றால் வினாடிக்கு இத்தனை ஜூல் என்று பொருள். வகுத்தால் சுமார் 202 வினாடி, அதாவது 3 நிமிடம் 22 வினாடி.

கடிகாரம் வைத்துப் பார்த்தால் இதைவிட அதிகம் ஆகும். ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான திருப்புதல். கெட்டிலின் உடம்பும் சூடாக வேண்டும், கொஞ்சம் வெப்பம் காற்றுக்குப் போகிறது. இவை எல்லோரும் சொல்லும் காரணங்கள். பலர் விட்டுவிடும் காரணம் ஒன்று உண்டு. 1,500 வாட் என்பது 230 வோல்ட்டுக்கு உரியது. மாலை நேரத்தில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 210 ஆக இறங்கினால், திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து குறையும். அப்போது 1,250 வாட்தான் கிடைக்கும். அதே தண்ணீருக்கு 242 வினாடி பிடிக்கும்.

இனி வெப்பம், வெப்பநிலை என்ற இரண்டுக்கும் வருவோம். பேச்சில் இரண்டையும் ‘சூடு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கொதிக்க ஆரம்பித்த அந்த ஒரு கிலோ தண்ணீர் முழுவதும் ஆவியாக இன்னும் சுமார் 22,60,000 ஜூல் வேண்டும். 1,500 வாட்டில் அதற்கு 25 நிமிடம் ஆகும். கெட்டில் தானாக அணைந்துவிடும், அதைத் தடுத்து முயல வேண்டாம், இது கணக்குக்கு மட்டும். அந்த 25 நிமிடமும் வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை 97-ஐ விட்டு நகர்வதில்லை. உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். திறந்த பாத்திரத்தில் பருப்பு கொதிக்கத் தொடங்கிய பிறகு அடுப்பைப் பெரிதாக்கினால் பருப்பு சீக்கிரம் வேகாது, தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும்.

குக்கர் எப்படி இதை மீறுகிறது? வெயிட் உட்காரும் குழாயின் துளை 3 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். வெயிட்டின் நிறை 72 கிராம் என்றால், அது கீழ்நோக்கி அழுத்தும் விசை 0.7 நியூட்டன். விசையைப் பரப்பால் வகுங்கள். சதுர மில்லிமீட்டரைச் சதுர மீட்டராக மாற்ற பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். ஆயிரத்தால் வகுத்துவிட்டு நிற்பவர்களே அதிகம். சரியாகச் செய்தால் 1,00,000 பாஸ்கல் வரும். வெளிக் காற்றின் 91,000-ஐக் கூட்டினால் உள்ளே 1,91,000. அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 119 டிகிரியில் கொதிக்கும். அதே குக்கர் சென்னையில் 120-ஐக் கொஞ்சம் தொடும். திறந்த பாத்திரத்தில் இரண்டு ஊருக்கும் இருந்த 3 டிகிரி இடைவெளி, மூடி போட்டதும் சுமார் ஒன்றரையாகச் சுருங்கிவிடுகிறது. இந்த ஊரில் பருப்பை மூடிதான் வேக வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது.

வெயிட்டைப் பற்றிப் பேசும்போதே நிறை, எடை இரண்டையும் பிரித்துவிடலாம். கடைக்காரர் எடை போடுவது என்று சொன்னாலும் அவர் தருவது கிலோகிராம், அதாவது நிறை. எடை என்பது விசை, அலகு நியூட்டன். விடைத்தாளில் ‘எடை 50 கிலோகிராம்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். இன்னொரு திருத்தம்: பாரிஸ் அருகே வைத்திருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராம் என்று அண்ணன், அக்காவின் பழைய நோட்டில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது.

இயக்கம் பற்றிய பாடத்துக்கு மெட்ரோ போதும். அல்சூரில் ஏறி டிரினிட்டி நோக்கிப் போகும் ரயில் நின்ற நிலையிலிருந்து கிளம்புகிறது. முடுக்கம் வினாடிக்கு வினாடி 1 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எவ்வளவு நேரம்? முதலில் 72-ஐ 3.6-ஆல் வகுத்து வினாடிக்கு 20 மீட்டர் ஆக்குங்கள். விடை 20 வினாடி. அதற்குள் ரயில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்ற கேள்வியில்தான் சறுக்குகிறார்கள். 20-ஐ 20-ஆல் பெருக்கி 400 மீட்டர் என்கிறார்கள். ரயில் அந்த 20 வினாடியும் 20 மீட்டர் வேகத்தில் ஓடவில்லையே. பூஜ்யத்தில் தொடங்கி 20-இல் முடிந்தது, சராசரி 10. தூரம் 200 மீட்டர். ரயில் கிளம்பும்போது நம்மைப் பின்னால் யாரும் இழுப்பதில்லை. நாம் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறோம், ரயில் முன்னால் நகர்கிறது. 60 கிலோ நிறையுள்ளவரை ரயிலோடு சேர்த்துக் கொண்டுபோக 60 நியூட்டன் விசை வேண்டும். ஆறு கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு விசை அது. கைப்பிடியும் தரையின் உராய்வும் சேர்ந்து அதைத் தருகின்றன.

செய்முறைத் தேர்வில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கத் தனி ஊசல் வந்தால் பிள்ளைகள் எளிது என்று மகிழ்கிறார்கள். எளிதுதான், ஆனால் ஒரு சின்னப் பழக்கம் விடையைக் கெடுத்துவிடும். வீட்டிலேயே செய்யலாம். ஹார்டுவேர் கடையில் ஒரு கனமான இரும்பு நட்டு வாங்குங்கள். தையல் நூலில் கட்டி, ஆணியிலிருந்து தொங்கவிடுங்கள். நூல் தொங்கும் புள்ளியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர் இருக்கட்டும். பக்கவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம். தள்ளிவிடாமல் மெதுவாக விடுங்கள், நட்டு வட்டம் போட்டால் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். ஓரத்தில் அது நின்று திரும்பும் கணத்தைக் கண் சரியாகப் பிடிக்காது. நடுப்புள்ளியை வேகமாகக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்துவது துல்லியம்.

அந்த முதல் அழுத்தத்தின்போது வாயால் ‘பூஜ்யம்’ என்று சொல்ல வேண்டும். இடமிருந்து வலமாகக் கடக்கும்போது தொடங்கினால், மறுபடி இடமிருந்து வலமாகக் கடக்கும்போதுதான் ‘ஒன்று’. 20 அலைவுக்கு 40.2 வினாடி அளவில் வரும், ஓர் அலைவுக்கு 2.01 வினாடி. நீளத்தை 39.5-ஆல் (சூத்திரத்தில் வரும் 4π²-இன் மதிப்பு) பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 9.78 கிடைக்கும். பெங்களூரின் புவியீர்ப்பு முடுக்கமும் அதுவே. தொடங்கும்போதே ‘ஒன்று’ என்று சொல்லிவிட்டால்? நீங்கள் எண்ணியது 19 அலைவு, வகுத்தது 20-ஆல். விடை 10.8-க்கு எகிறிவிடும். யாராவது 10.8 என்று கொண்டு வந்தால் நூலை அளக்கப் போக வேண்டாம், எண்ணியதைத்தான் சோதிக்க வேண்டும்.

மாறாக விடை 9.6 என்று குறைந்து வந்தால் நீளத்தில் பிழை இருக்கலாம். நட்டின் மேல் விளிம்பு வரை மட்டும் அளந்து, ஒன்றரை சென்டிமீட்டரை விட்டிருப்பீர்கள். 1 மீட்டர் நூலில் அது ஒன்றரை சதவீதப் பிழை. 25 சென்டிமீட்டர் நூலில் அதே பிழை 6 சதவீதம். நூலை நீளமாக எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வேதியியலில் ஒரே ஒரு இடத்தைத் தொடுகிறேன், சமன்பாட்டைச் சமன் செய்வது. சிலிண்டர் வாயுவில் உள்ள புரோபேன் எரிவதை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. முதலில் கார்பன், பிறகு ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன் என்று போனால் சிக்கல் வராது. மூன்று கார்பன் டை ஆக்சைடு, நான்கு தண்ணீர், அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஐந்து. ஆக்சிஜன் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று தண்ணீரின் கீழ்க்குறி எண்ணை மாற்றுவது பெரிய தவறு. தண்ணீரில் ஆக்சிஜனுக்கு 2 போட்டால் அது தண்ணீராக இருக்காது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். முன்னால் நிற்கும் எண்ணை மட்டுமே மாற்றலாம். சரிபார்க்க நிறையைக் கூட்டுங்கள்: 44 கிராம் புரோபேனும் 160 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து 204. அந்தப் பக்கம் 132-ம் 72-ம் சேர்ந்து அதே 204. இந்த விகிதப்படி 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கூடுதல் நிறை எங்கிருந்து வந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள். காற்றிலிருந்து என்று சொல்லிவிட்டால் பாடம் புரிந்துவிட்டது.

கடைசியாக மின்சாரம். ‘கரண்ட் பில்’ என்கிறோம், ‘பவர் கட்’ என்கிறோம். பில்லில் நாம் பணம் கட்டுவது கரண்டுக்கும் இல்லை, பவருக்கும் இல்லை, ஆற்றலுக்கு. ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல். கரண்ட் என்பது ஆம்பியர். அது எங்கே உதவும்? ப்ளக் பாயிண்டில். சின்னது 6 ஆம்பியர், பெரியது 16. நம் 1,500 வாட் கெட்டிலை 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். சின்னப் பாயிண்டின் எல்லையைத் தாண்டுகிறது, பெரியதில்தான் செருக வேண்டும். 2,000 வாட் கீசருக்கு 8.7. ப்ளக் தளர்வாக இருந்து அந்த இடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டால், 6.5-இன் வர்க்கத்தை அரையால் பெருக்குங்கள். 21 வாட், ஒரு ஊசிமுனை இடத்தில். சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட்தான். ப்ளக் பழுப்பேறிக் கருகுவது இதனால்தான்.

வீட்டு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், 3,200 என்பது பரவலாகக் காணும் எண். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரோடு கெட்டிலை மட்டும் போடுங்கள். அடுக்குமாடி என்றால் மீட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும். ஒருவர் கீழே நின்று எண்ணட்டும், மேலே இருப்பவர் கெட்டில் அணைந்ததும் போனில் சொல்லட்டும். 3,02,400 ஜூலுக்கு 269 துடிப்பு வர வேண்டும். உங்களுக்கு 300 வந்தால், 269-ஐ 300-ஆல் வகுத்துப் பாருங்கள், கெட்டிலின் பயனுறுதிறன் 90 சதவீதம். மின்னழுத்தம் இறங்கிய ஒரு மாலையில் இதையே திரும்பச் செய்யுங்கள். துடிப்பு மெதுவாகும், நேரம் நீளும், எண்ணிக்கை மட்டும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நிற்கும்.

நன்றி, வணக்கம்.