மூன்று வருடத்துக்கு ஒரு வலை

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நம் நீலகிரியில், விளைச்சலுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை நாளில், ஆராதனை முடிந்த பிறகு யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். ஆலயத்துக்கு வெளியே கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, தேயிலைத்தூள், கால் கட்டின கோழி எல்லாம் வரிசையாக இருக்கும். ஏலம் தொடங்கும். ஒரு முட்டைக்கோஸை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தவர், அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடியும் ஏலத்துக்கே விடுவார். தேயிலை பறித்துக் கூலி வாங்கும் அம்மாக்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஏலம் கேட்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கொடுப்பதற்கு நம் சபைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தப் பணம் ஆலயத்தின் கூரைக்கும் சுவருக்கும் போகிறது. இந்த மழையில் அது தேவைதான். ஆனால் அதில் ஒரு பங்கு மலேரியாவைத் தடுக்கும் கொசுவலைக்குப் போக வேண்டும் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன். ஒரு தடவை கொடுத்துவிட்டு நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

"இந்தக் குளிரில் கொசு எங்கே இருக்கிறது?" என்று நினைப்பீர்கள். கொசு இருக்கிறது; நோய்தான் பரவுவதில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் உடம்புக்குள் சில நாட்கள் வளர்ந்த பிறகுதான் அடுத்த மனிதருக்குத் தொற்ற முடியும். உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை, சுமார் 18 டிகிரிக்குக் கீழே அப்படி வளர்ந்து முடிவதில்லை. உதகையையும் கேத்தியையும் காப்பாற்றியது இந்தக் குளிர்தான். சீகூர் பாதையில் இறங்கி மசினகுடிப் பக்கம் போனால் கதை வேறு. அந்தக் காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து ஒரு காலத்தில் ஜனங்கள் அங்கே இராத்தங்க மாட்டார்கள்.

ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் விடுமுறைக்கு உதகை வந்தபோது, அதே சீகூர் சரிவில் இறங்கித்தான் காய்ச்சலைப் பற்றி ஆராய்ந்தார். அவரையே மலேரியா படுக்க வைத்தது. அப்புறம் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கும் முன்பே, 1860-களில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா மரங்களை நட்டார்கள். அந்தப் பட்டையிலிருந்து எடுத்த கொய்னாதான் அன்றைக்கு இருந்த ஒரே நல்ல மருந்து. ஆக, நாம் குளிரில் பத்திரமாக இருந்தாலும், இந்த நோயோடு நடந்த சண்டையில் இந்த மலைக்கும் பங்கு உண்டு. அது இன்னும் முடியவில்லை.

நான் சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், காய்ச்சல்காரர் விரலில் ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி எடுத்து வருவோம். வந்து போன தேதியை வீட்டுச் சுவரில் எழுதுவோம். காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, குறித்த நாளில் அந்தச் சுவருக்குத் திரும்பிப் போயாக வேண்டும். அந்த வேலையில் முக்கியமானது அந்தத் திரும்பிப் போவதுதான்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாடே அனுபவித்திருக்கிறது. சுதந்திரம் கிடைத்த சமயத்தில் வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா. எட்டு லட்சம் சாவு. 1953-இல் தேசியத் திட்டம் வந்தது. வீடுகளில் டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். 1960-களின் நடுவில் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். ஒழிந்தது என்று எண்ணி எல்லாரும் கொஞ்சம் அசந்தார்கள். மருந்தும் தட்டுப்பாடு, கொசுவுக்கும் டிடிடி பழகிவிட்டது. 1976-இல் அறுபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது.

இப்போது உலகத்தைப் பாருங்கள். 2023-இல் மட்டும் மலேரியாவால் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இருபதில் பத்தொன்பது பேர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஐந்து வயது கூட ஆகாத குழந்தைகள். தடுக்கக்கூடிய நோய், குணப்படுத்தக்கூடிய நோய். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சபைகள் இதில் என்ன செய்ய முடியும் என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை 2006-இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து, பத்து டாலருக்கு ஒரு கொசுவலை என்று ஜனங்களிடம் கேட்டது. சிறு பிள்ளைகள் கூட உண்டியல் சேர்த்தார்கள். போகப் போக, வலை மட்டும் போதாது என்பது புரிந்தது. 2010-இல் ஏழரைக் கோடி டாலர் இலக்கோடு பெரிய இயக்கம் தொடங்கினார்கள். அதில் மருந்தும் பரிசோதனையும் சேர்ந்தன, கிராம சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியும் சேர்ந்தது. வானொலி வழியாக ஜனங்களுக்குச் சொல்வதும் அதில் ஒரு பகுதி.

நாம் அவ்வளவு தூரம் பணம் அனுப்ப வேண்டியதில்லை. ஒடிசா, சத்தீஸ்கர், மிசோரம், திரிபுரா மாநிலங்களின் காட்டுப் பகுதிகளில் மலேரியா இன்னும் இருக்கிறது. ஒடிசா அரசு 2017-இல் ஒரு கோடிக்கு மேல் கொசுவலை கொடுத்தது. வேறு வேலைகளும் சேர்ந்துதான் நடந்தன. ஆனாலும் மறு வருடமே நோயாளிகள் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. அங்கே ராயகடா மாவட்டத்தின் பிஸ்ஸம்கட்டக் கிறிஸ்தவ ஆஸ்பத்திரி போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகள் பழங்குடி மக்களோடு பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. நம் பணத்தை எங்கே கொடுப்பது என்று சபைக் கமிட்டிகள் இப்படிப்பட்ட இடங்களுக்கே எழுதிக் கேட்கலாம். வலை வாங்க நாம் தூரம் போக வேண்டாம், கரூர் இருக்கிறது. அங்கே தயாராகும், மருந்தேற்றிய வலைகள் ஆப்பிரிக்கா வரை போகின்றன.

சரி, வலையை வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அதன் இழையில் இருக்கும் பூச்சிமருந்து ஏறத்தாழ மூன்று வருடம்தான் தாங்கும். அடுப்புப் புகை, துவைப்பு, பாயோடு இழுபடுவது என்று அதற்குள்ளேயே கிழிந்தும் போகும். நாலாவது வருடம் அந்தப் பிள்ளை பழைய வலைக்குள் படுத்திருக்கும். கொசு உள்ளே வரும். முதல் வலை கொடுத்த அன்று போட்டோ எடுத்துக்கொண்ட சபை அப்போது எங்கே இருக்கும்? இதைத்தான் நான் கமிட்டிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தர்மம் செய்கிறவர்களுக்குப் புதிய காரியம் பிடிக்கிறது. ஒரு வருடம் வெள்ளம், அடுத்த வருடம் வேறொன்று. கொசுவுக்கு அந்தச் சலிப்பு கிடையாது.

நம்மிடம் இதற்கு ஏற்ற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, ஆலயத்துக்குக் கொண்டுவருவார்களே நம் வீட்டுப் பெண்கள், அந்தப் பிடி அரிசிக் காணிக்கைதான். அளவு சின்னது, ஆனால் நிற்பதே இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கம் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் கமிட்டி மாறினாலும் வேலை நிற்காது என்று நம்புகிறேன்.

ஆகவே இந்த வருட ஏலம் முடிந்து பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது, "கொசுவலை நிதி" என்று ஒரு வரி இருக்கிறதா என்று எழுந்து கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அதன் பக்கத்திலேயே, மூன்று வருடம் கழித்து வரும் அறுப்பின் பண்டிகையின் ஆண்டையும் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

வணக்கம்.