ஒரு பேப்பரை ஒன்றரை பேப்பர் ஆக்காதீங்க | பாதி நேர்ல, பாதி ஆன்லைன்ல

வணக்கம் மக்களே! காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க நிறைய பேர் ஒரே கேள்வியத்தான் கேட்டிருந்தீங்க. "பாதி கிளாஸ்ல, பாதி ஆன்லைன்ல நடத்துங்கறாங்க. எங்க இருந்து மேடம் ஆரம்பிக்கிறது?" நான் கடலூர்ல பி.காம் பசங்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்கறேன். அதையே வெச்சு சொல்றேன்.

ரூல் என்னன்னு முதல்ல பார்த்துடலாம். 2021ல யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு கருத்துரு விட்டாங்க. ஒரு பேப்பர்ல, அதாவது ஒரு பாடத்துல, 40 சதவீதம் வரைக்கும் ஆன்லைன்ல நடத்தலாம், மீதி நேர்லன்னு சொன்னாங்க. 60 மணி நேரப் பேப்பர்னா 24 மணி நேரம். வரைக்கும்னுதான் இருக்கு. 24ஐயும் ரொப்பியே தீரணும்னு இல்ல.

ஆனா நடக்கறது என்ன? பழைய லெக்சர் ஒரு வரி குறையாம அப்படியே இருக்கு. அது தலைமேல வீடியோ, குவிஸ், அசைன்மெண்ட், குரூப்ல டிஸ்கஷன் வேற. ஒரு பேப்பர் படிக்கிற புள்ளைக்கு ஒன்றரை பேப்பர் வேலை. நம்ம ஊர் கூத்துன்னு நினைக்காதீங்க, வெளிநாட்டு யுனிவர்சிட்டிகள்லயும் இதே கதைதான்.

அதனால சேர்க்கறதுக்கு முன்னாடி வெட்டுங்க. மார்ஜினல் காஸ்டிங் யூனிட்டை எடுத்துக்கோங்க, செலவை நிலையானது, விற்பனையோட மாறறதுன்னு பிரிச்சுப் பார்க்கற பாடம் அது. யூனிட் முடிஞ்சா பசங்களுக்கு என்ன செய்யத் தெரியணும்? ஒரு கடையோ கம்பெனியோ எவ்வளவு வித்தா நஷ்டம் இல்லன்னு சொல்லத் தெரியணும். அதுக்கு உதவாதது எல்லாம் கத்திரிக்குப் போகட்டும். வரையறைகளை போர்டுல எழுதிப்போட்டு காப்பி பண்ண வைக்கிறோமே, முதல் வெட்டு அதுக்குத்தான்.

மிச்சத்துல எது வீட்டுக்கு, எது கிளாஸுக்கு? எங்க கடலூர் சில்வர் பீச்சுல ஒரு பஜ்ஜிக்கடைன்னு வெச்சுக்குவோம். மாச வாடகை, லைட்டு எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய். பஜ்ஜி 10 ரூபாய். மாவு, எண்ணெய், வாழைக்காய் 6 ரூபாய். ஒரு பஜ்ஜிக்கு 4 ரூபாய் நிக்குது. 6,000ஐ 4ஆல வகுத்தா 1,500 பஜ்ஜி, அதுதான் பிரேக் ஈவன். இந்தக் கணக்கு வீடியோவுக்குப் போகலாம். புரியலன்னா நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்த்துக்குவாங்க.

கிளாஸுக்கு வந்ததும் நான் கேக்கற கேள்வி வேற. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு மட்டும் ஒரு ஆளை தினக்கூலிக்கு வைக்கிறாங்க. அந்தக் கூலி நிலையான செலவா, மாறும் செலவா? இப்பப் பாருங்க சண்டையை! "மாசத்துக்கு நாலு ஞாயிறு, நாலு கூலி, அது மாறாது"ன்னு ஒரு பக்கம். "கூட்டம் வந்தாத்தானே ஆளு"ன்னு இன்னொரு பக்கம். பின் பெஞ்சுல ஒருத்தன் சத்தம் போடாம, "பஜ்ஜிக்கு இவ்வளவுன்னு கூலி கொடுத்தா மேடம்?"னு கேப்பான். அந்த யூனிட்டோட உயிரே அதுதான். இதை யூடியூப்ல நடத்த முடியாது. எதிர்ல முகம் இருக்கணும்.

வீடியோ எவ்வளவு நீளம்? எட்எக்ஸ்னு ஒரு ஆன்லைன் படிப்புத் தளம், அதோட கோர்ஸ்கள்ல 69 லட்சம் தடவை வீடியோ பார்த்ததை அலசி 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு. வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும் பாதிப்பேர் ஆறு நிமிஷத்தைத் தாண்டிப் பார்க்கறதில்ல. வெறும் ஸ்லைடை ஓட்டறதைவிட கையால எழுதிக்கிட்டே பேசறது நல்லா எடுபடுதுன்னும் அதுல இருக்கு. நமக்கு அது தோதுதான். பேப்பர், பேனா, மேல ஒரு ஸ்டாண்டுல போன். ஃபேனை மட்டும் நிறுத்திடுங்க, வேர்த்தா வேர்க்கட்டும்.

வீடியோ தரம் 480பி போதும், டேட்டா கம்மியா ஆகும். பாகூர்ல இருந்தும் பண்ருட்டிப் பக்கம் இருந்தும் பஸ் ஏறி வர்ற பசங்க, அக்கா தம்பிக்கு ஒரே போன். அதனாலதான் ராத்திரி எட்டு மணிக்கு லைவ் கிளாஸ்னு வைக்காதீங்கங்கறேன். எப்ப போன் கையில கிடைக்குதோ அப்ப பார்க்கட்டும்.

மழையைப் பத்தியும் சொல்லணும். 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரையைக் கடந்தப்ப கடலூர், புதுச்சேரி என்ன பாடுபட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும். "லீவு விட்டா ஆன்லைன் எடுத்துடலாம்"னு சொல்றவங்க கரண்ட்டும் டவரும் சேர்ந்து போறதை மறந்துடறாங்க. மழைக்கால யூனிட்டோட வீடியோவை அக்டோபர்லயே பசங்க போன்ல இறக்கி வைக்கச் சொல்லுங்க.

ஒரு வயித்தெரிச்சலும் இருக்கு. இப்படி எடுக்கற வேலை எதுவும் பல இடத்துல ஒர்க்லோடு கணக்குல வராது. அதனால ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு யூனிட்டை மாத்துங்க, போதும். வீடியோல "நாளைக்கு டெஸ்ட்", "இந்த வருஷ பேட்ச்"னு எதுவும் பேசாதீங்க, அடுத்த வருஷமும் ஓடும். வீட்ல பார்த்துட்டு வர்றதுக்கு இன்டர்னல்ல ரெண்டு மூணு மார்க்காவது வைங்க, இல்லன்னா ஒருத்தரும் திறக்க மாட்டாங்க. அந்த மார்க்கை மூடுல்ல (ஆன்லைன்ல பாடம், குவிஸ் வைக்கிற சாஃப்ட்வேர்) எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோல ஸ்கிரீனோட காட்டறேன். வரட்டா!