உடையாத கண்ணாடித் தகடு: டொனால்ட் ஸ்டூக்கி செய்தது என்ன?

[காட்சி: எரியும் உலை]

600 டிகிரியில் நிற்க வேண்டிய உலை 900 டிகிரிக்குப் போய்விட்டது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில் பழுது. உள்ளே ஒரு கண்ணாடித் தகடு இருந்தது, அது உருகி வழிந்து உலையையே பாழாக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் டொனால்ட் ஸ்டூக்கி கதவைத் திறந்தார். தகடு உருகவே இல்லை, பால் வெள்ளையாக மாறியிருந்தது, அவ்வளவுதான். இடுக்கியால் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை! உலோகம் விழுந்த மாதிரி சத்தத்தோடு துள்ளியது.

1950களின் தொடக்கத்தில், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில், அதே பெயர் கொண்ட கண்ணாடி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது. இந்தக் கதையைச் சொல்கிற பலரும் அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. உலை பழுதானது தற்செயல், சரி. ஆனால் அந்தத் தகட்டுக்குள் வெள்ளி இருந்ததே, அது தற்செயல் இல்லை.

[காட்சி: ஸ்டூக்கியின் பழைய புகைப்படம்]

ஸ்டூக்கி 1915இல் நெப்ராஸ்காவில் பிறந்து ஐயோவாவில் வளர்ந்தவர். 1940இல் எம்.ஐ.டி.யில் வேதியியல் முனைவர் பட்டம் வாங்கி, அதே வருடம் கார்னிங்கில் சேர்ந்தார். அங்கே அவர் பிடித்துக்கொண்ட கேள்வி: கண்ணாடிக்குள்ளேயே புகைப்படம் எடுக்க முடியுமா? தங்கம், வெள்ளி, செம்பு இவற்றில் ஒன்றை மிகக் கொஞ்சமாகக் கண்ணாடியில் கலந்து, புற ஊதா ஒளி காட்டிச் சூடாக்கினால், ஒளி பட்ட இடத்தில் மட்டும் உலோக அணுக்கள் நுண்துகள்களாகத் திரளும், படம் தெரியும். 1947இல் கார்னிங் இதை வெளியே அறிவித்தது. அப்புறம் லித்தியம் கலந்த கண்ணாடியில் இதையே செய்தபோது, அந்த வெள்ளித் துகள்களைச் சுற்றிப் படிகங்கள் வளர்வதை அவர் கவனித்தார். உலையில் இருந்த தகடு அந்த வகைதான்.

[காட்சி: ஒழுங்கற்ற அணுக்கள், நடுவே வெள்ளித் துகள், சுற்றிலும் படிகம்]

கண்ணாடியில் அணுக்கள் வரிசையாக நிற்காது, தாறுமாறாக உறைந்து கிடக்கும். அதனால் ஒரு விரிசல் தொடங்கினால் தடுக்க எதுவும் இல்லை, நேராக ஓடிவிடும். கண்ணாடிக்குள் ஆங்காங்கே பெரிய படிகங்கள் வளர்ந்தால் அந்தச் சரக்கு வீண் என்றுதான் கண்ணாடிக்காரர்கள் காலங்காலமாகப் பயந்தார்கள். ஸ்டூக்கியின் தகட்டிலோ பாலில் உறை ஊற்றிய மாதிரி, வெள்ளித் துகள்கள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கின. கணக்கில்லாத மிகச் சிறிய படிகங்கள், நெருக்கமாக. விரிசல் எந்தப் பக்கம் போனாலும் ஒரு படிகத்தில் முட்டித் திரும்ப வேண்டியிருக்கும்.

பழுதான உலையை மூடிவிட்டுப் போகாமல் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். வெள்ளியும் ஒளியும் இல்லாமலே இதைச் செய்ய முடியுமா? படிகங்கள் வளரத் தொடங்க விதையாக வெள்ளித் துகள் செய்த வேலையை டைட்டானியம் டை ஆக்சைடு செய்தது. சூடானாலும் பெரிதாக விரிவடையாத படிகங்கள் அதில் வளர்ந்தன. விரிவு இல்லையென்றால் வெப்ப அதிர்ச்சியில் விரிசலும் இல்லை. இப்படி வந்த பைரோசெராம் என்ற பொருள் ஏவுகணைகளின் மூக்குக்கூம்புக்குப் போனது, ஏனென்றால் அது வெப்பத்தையும் தாங்கும், ரேடார் அலைகளையும் உள்ளே விடும். 1958இல் அதே வகைப் பொருள் நீலப்பூ போட்ட வெள்ளைப் பாத்திரமாக, கார்னிங்வேர் என்ற பெயரில் அமெரிக்கச் சமையலறைகளுக்கு வந்தது. உறைபெட்டியிலிருந்து எடுத்து நேராக அடுப்பில் வைக்கலாம்!

[காட்சி: வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி]

1960களில் வில்லியம் ஆர்மிஸ்டெடுடன் சேர்ந்து அவர் உருவாக்கியது இது, வெயிலில் கறுத்து நிழலில் தெளிகிற கண்ணாடி. இங்கேயும் வெள்ளிதான், வெள்ளி ஹாலைடின், அதாவது குளோரின் மாதிரி ஹாலஜன் தனிமத்தோடு வெள்ளி சேர்ந்த பொருளின் நுண்படிகங்கள். புகைப்படச் சுருளிலும் இதே பொருள்தான் ஒளி பட்டுக் கறுக்கிறது, ஆனால் அங்கே வெள்ளியிலிருந்து பிரிந்த ஹாலஜன் விலகிப்போய்விடுவதால் கறுத்தது கறுத்ததுதான். கண்ணாடிக்குள் அதற்குத் தப்பிக்க வழியில்லை. வெயில் போனதும் வெள்ளியோடு திரும்பச் சேர்ந்துகொள்ளும். மூன்று கண்டுபிடிப்புகளிலும் ஒரே மனிதர் ஒரே விஷயத்தைத்தான் துரத்தியிருக்கிறார்: கண்ணாடிக்குள் நுண்துகள் எங்கே, எப்போது, எவ்வளவு வளர வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பது.

கைபேசித் திரைகளில் வரும் கொரில்லா கிளாஸும் இவர் செய்ததுதான் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அது கார்னிங்கின் தயாரிப்புதான், ஆனால் உருகிய உப்புக் குளியலில் அயனிகளை (மின்னேற்றம் உள்ள அணுக்களை) மாற்றி வலுவாக்குகிற வேறு வழி. இண்டக்‌ஷன் அடுப்பின் மேல்தட்டு, 2020இல் ஐபோன் 12இல் வந்த திரைக் கண்ணாடி, இவைதான் ஸ்டூக்கி திறந்த வழியில் வந்தவை.

1986இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 2014இல், 99 வயதில் காலமானார். அன்றைக்கு 900 டிகிரியில் அந்தத் தகட்டுக்குள் வளர்ந்த லித்தியம் டைசிலிகேட் படிகத்தை நம்பித்தான், இன்றைக்குப் பல் மருத்துவர்கள் பல்லின் நிறத்திலேயே உறுதியான மேலுறை போடுகிறார்கள்.