எட்டு ஜெயிச்சு பதினாறு தோத்தவருக்காக

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், மசால்வடை வாசனை வந்ததுலேர்ந்து கிச்சன் பக்கமே திரும்பிப் பாத்துட்டிருக்கற உங்க எல்லாருக்கும் வணக்கம். அவ்ளோதான் வணக்கம், எனக்கு ஏழு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க.

தலைப்பு என்ன? பேஸ்பால்ல ஊர் கண்டுக்காம விட்ட சீசன் அதிகம் யாரோடது, பேட் பிடிச்சவரோடதா பந்து போட்டவரோடதா. நான் பந்து போட்டவர் பக்கம். நான் சொல்லப் போற ஆள் நோலன் ரயன், வருஷம் 1987, டீம் நம்ம ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். இதை நேத்தே வாட்ஸப் குரூப்புல உளறித் தொலைச்சுட்டேன், அதான் எதிரணி அக்கா ரெடியா வந்துட்டாங்க. என்ன சொன்னாங்க இப்ப? "எட்டு ஜெயிச்சு பதினாறு தோத்தவரைத் தூக்கிட்டு வராரு, ஃபெயிலான மார்க் ஷீட்டை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டற மாதிரி"ன்னாங்க. சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். என் வீட்டுக்காரம்மா முதல் வரிசையில உக்காந்து எல்லாரையும் விட சத்தமா சிரிச்சாங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.

அக்கா, அந்த மார்க் ஷீட்டைப் பத்திதான் இன்னிக்கு பேச்சே.

2012ல என் மாமனார் திருநெல்வேலியிலேர்ந்து இங்க வந்திருந்தாரு. பேரன் பொறந்த நேரம். மனுஷன் டவுன் பஸ் டிரைவரா இருந்து ரிடையர் ஆனவர், இங்க வந்து கார்ல பக்கத்து சீட்ல உக்கார வெச்சா இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவாரு. ஒரு சனிக்கிழமை காலைல பக்கத்துத் தெருவுல கராஜ் சேல். நான் குழந்தைக்குத் தொட்டில் பாக்கப் போனேன், அவரு ஒரு ஷூ டப்பாவுக்கு முன்னாடி குத்தவெச்சு உக்காந்துட்டாரு. உள்ள பூரா பழைய பேஸ்பால் கார்டு, முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் வருஷவாரியா அவரு கணக்கு. ஒண்ணை எடுத்தாரு, படத்தைப் பாக்கல, நேரா பின்பக்கம் திருப்புனாரு, கண்ணாடிய நெத்தியிலேர்ந்து இறக்குனாரு.

"மாப்ள, இவரு 47ல பொறந்தவரா?"

"ஆமா மாமா, ஜனவரி 31."

"நானும் 47லா!"

அவ்ளோதான், சொந்தக்காரன் ஆயிட்டான் நோலன் ரயன். தொட்டிலை மறந்தாச்சு. வெயில் ஏறுது, கார்டு விக்கற வெள்ளைக்காரத் தாத்தா எங்களையே பாக்கறாரு, மாமனார் எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. கடைசி வரிய விரல் வெச்சுக் காட்டி கேக்கறாரு, "இதுல எட்டு பதினாறுன்னு போட்டிருக்கே, அது என்ன?" எட்டு மேட்ச் ஜெயிச்சதா கணக்கு மாமா, பதினாறு தோத்ததா கணக்கு. "நாப்பது வயசுல தோத்துருக்கான், பாவம். அந்தால இந்த ரெண்டு புள்ளி ஏழு ஆறு?" அது ஈஆர்ஏ மாமா, ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு மேட்சுக்கு, சராசரியா எத்தனை ரன் விட்டுக் குடுத்தாருன்னு, மத்தவன் பந்தைக் கோட்டை விட்டதால வந்த ரன்னைக் கழிச்சுட்டு. அந்த வருஷம் இவரு டீம் ஆடுன நேஷனல் லீக்லயே இதுதான் பெஸ்ட். "அப்ப இந்த 270?" ஸ்ட்ரைக்அவுட் மாமா, பந்தை அடிக்க விடாமயே இத்தனை பேரை அவுட் ஆக்கினது, அதுலயும் லீக்ல இவருதான் முதல்.

நிமிந்து என்னைப் பாத்தாரு. "ரெண்டுலயும் முதல். பின்ன எப்படி தோத்தான்?"

நான் ரூல் சொன்னேன். மேட்சை ஸ்டார்ட் பண்ற பிட்சர், அதான் பந்து போடறவரு, அஞ்சு இன்னிங்ஸாவது போடணும், அவரு இறங்கறப்போ டீம் முன்னாடி இருக்கணும், பின்னாடி பந்து போட வர்றவனும் அதைக் கெடுக்காம முடிக்கணும், அப்பதான் வெற்றி இவரு கணக்குல ஏறும். நம்மாளு ரெண்டு ரன் குடுக்கறாரு, பேட்டிங் பண்றவனுங்க ஒரு ரன்தான் அடிக்கறானுங்க, தோல்வி இவரு கணக்குல. இதுல முந்தின வருஷம் முழங்கைல அடி வேற, அதனால இத்தனை பந்துக்கு மேல போடக்கூடாதுன்னு டீம்ல கட் பண்ணிட்டாங்க, மனுஷன் 34 மேட்ச் ஸ்டார்ட் பண்ணி ஒண்ணைக்கூட முழுசா முடிக்க விடல. பத்து மேட்ச்ல வெற்றியும் இல்ல தோல்வியும் இல்ல, கணக்குலயே வராம போச்சு.

மாமனார் கார்டை வேட்டியில தொடச்சாரு. "மாப்ள, டிப்போல எனக்கு ரெண்டு கணக்கு உண்டும். ஒண்ணு கலெக்‌ஷன். இன்னொண்ணு கேஎம்பிஎல், ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுதேன்னு. கேஎம்பிஎல் என் கால்ல இருக்கு. கலெக்‌ஷன் என் கையில இருக்கா? மழை பெய்ஞ்சா ஆள் ஏறாது, முன்னால பிரைவேட் பஸ்காரன் அள்ளிட்டுப் போவான், ஆனா சாயங்காலம் சத்தம் வாங்குதது யாரு? இந்த ரெண்டு புள்ளி ஏழு ஆறு இருக்குல்லா, அதான் கேஎம்பிஎல். எட்டு பதினாறு கலெக்‌ஷன்."

ஐயா, பதினஞ்சு வருஷமா பேஸ்பால் பாக்கறேன், ஈஆர்ஏவை இப்படி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல. கேஎம்பிஎல் ஏறணும் ஈஆர்ஏ இறங்கணும்னு மட்டும் நான் சின்னதா திருத்தினேன், "அதை நீங்க தலைகீழா வெச்சுக்கிடுங்க"ன்னுட்டாரு. ஒரு டாலர் குடுத்து கார்டை வாங்கிட்டோம். தொட்டில் வாங்கல. அதுக்கு வீட்ல வாங்குனது தனி, அதை இங்க சொல்ல முடியாது, முதல் வரிசை முறைக்குது.

இப்ப அக்கா கிட்ட வரேன். 87ல இன்னொரு கூத்து நடந்துச்சு. சிகாகோ கப்ஸ் டீம்ல ஆண்ட்ரே டாசன், 49 ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, 137 ஆர்பிஐ, அதாவது இவரு அடிச்சதால டீமுக்கு வந்த ரன். பேட் பிடிச்சவரு. அந்த டீம் எந்த இடம்? அவங்க டிவிஷன்ல கடைசி. 76 வெற்றி 85 தோல்வி. ஆனா அவருக்கு எம்விபி குடுத்தாங்க, லீக்லயே மதிப்பான ஆள்னு. நம்ம ஆஸ்ட்ரோஸ்? 76 வெற்றி 86 தோல்வி. ஒரே ஒரு தோல்விதான் அதிகம்! பேட் பிடிச்சவரு தோக்கற டீம்ல இருந்தா "ஐயோ பாவம், தனி ஆளா போராடினாரு"ன்னு மாலை. பந்து போட்டவரு தோக்கற டீம்ல இருந்தா "எட்டு பதினாறு, ஃபெயில்". பிட்சருக்குன்னு இருக்கற சை யங் அவார்டுல ரயனுக்குக் கிடைச்சது அஞ்சாவது இடம். ஜெயிச்சது ஸ்டீவ் பெட்ரோசியன், கடைசில வந்து மேட்சை முடிச்சு வைக்கற ரிலீவர், 40 சேவ், அதாவது முன்னாடி இருந்த டீமை விடாம காப்பாத்தினது. நல்ல பிட்சர்தான், நான் குறை சொல்லல, ஆனா முதல் மூணு பேருக்கும் 57, 55, 54ன்னு ஓட்டுப் பாயிண்ட், அவ்ளோ குழப்பம். யாரைத் தேர்ந்தெடுக்கறதுன்னே தெரியாம முழிச்சவங்க கண்ணுக்கு முன்னாடிதான் நம்மாளு நின்னுட்டிருந்தாரு. அதுவும் பந்துக்குள்ள முயலை வெச்சுத் தெச்சுட்டாங்களான்னு ஊரே கேக்கற அளவுக்கு ஹோம் ரன் பறந்த வருஷம் அது.

அக்கா நார்ம் கேஷைச் சொன்னாங்க. 1961, டெட்ராய்ட், .361 ஆவரேஜ், அதாவது ஆயிரம் தடவைக்கு 361 ஹிட் கணக்கு, 41 ஹோம் ரன், அதே வருஷம் ரோஜர் மாரிஸ் 61 அடிச்சதால யாரும் திரும்பிக்கூட பாக்கலன்னு. உண்மைதான். ஆனா அக்கா, அந்த பேட்டை லேசாக்க ரூலை மீறி உள்ள தக்கை அடைச்சிருந்ததை விட்டுட்டீங்களே! நான் சொல்லல, பின்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு. அடுத்த வருஷம் .243. என் மார்க் ஷீட் ஃபெயில் மார்க் ஷீட்டாவே இருக்கட்டும், உங்க ஆளு பிட் அடிச்சவரு அக்கா!

மணி அடிச்சுட்டாங்களா? ஒரு நிமிஷம் ஐயா. ஒரே நிமிஷம்.

ரயன் நம்ம பக்கத்து ஆள்தான், இங்கேர்ந்து தெக்கால ஆல்வின். அவங்கப்பா ஹூஸ்டன் போஸ்ட் பேப்பர் ஏஜென்ட், பையன் ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சு அப்பா கூட பேப்பர் மடிச்சுக் கட்டுவாராம். இதை மாமனார்கிட்ட சொன்னப்போ ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "முதல் பஸ் நாலரைக்கு, நான் மூணு மணிக்கு எந்திரிப்பேன்"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. அவரு நாப்பதாவது வயசும் அதே 87தான, அந்த வருஷம் அவருக்கு என்ன நடந்துச்சுன்னு நான் கேட்டிருக்கலாம், கேக்கல, குழந்தை அழுதுச்சு, உள்ள போயிட்டேன்.

கார்டை ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. போன தை மாசம் தவறிட்டாரு. காரியம் முடிஞ்சு அவரு டிரங்குப் பெட்டியைத் தொறந்தோம், லைசென்ஸ், காக்கிச் சட்டை பேட்ஜ், அதுக்கு அடியில இந்தக் கார்டு. லேமினேஷன் பண்ணி வெச்சிருக்காரு. கார்டு சேக்கறவங்க யாராவது இங்க இருந்தா மன்னிச்சுக்கங்க, மயக்கமே வந்துடும், ரேஷன் கார்டு மாதிரி நாலு பக்கமும் உருக்கி ஒட்டியிருக்கு, இனி பத்து பைசா பெறாது. அந்த 87 வரிக்கு நேரா நீல பால்பாயிண்ட்ல, லேமினேஷன் பண்றதுக்கு முன்னாடியே, கேஎம்பிஎல்னு எழுதி டிக் போட்டிருக்காரு.

இதைக் கொண்டு வந்திருக்கறது என் வீட்டுக்காரம்மாவுக்கு இப்பதான் தெரியும்.

நடுவர் ஐயா, இந்தாங்க. அந்தப் பக்கம் இல்ல, திருப்புங்க. கடைசி வரி. நன்றி, வணக்கம்.