கத்தியிலிருந்து மிஷினுக்கு

எல்லோருக்கும் வணக்கம். பேசக் கூப்பிட்டதும் என் பழைய சவரப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பேச்சு வராவிட்டாலும் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும் அல்லவா?

இது மடக்குச் சவரக்கத்தி. இது தோல்வார். கடை திறந்ததும் முதல் வேலை தீட்டுவதுதான். கல்லில் தீட்டி, அப்புறம் வாரில் இழுக்க வேண்டும். வாரில் இழுக்கும்போது கத்தியின் முதுகு முன்னால் போகும், கூர் பின்னால் வரும். மாற்றி இழுத்தால் வாரே அறுபடும். தொழில் பழகிய நாளில் நான் இரண்டு வாரை அப்படி நாசமாக்கியிருக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டுத் தீட்டிய கத்தியை ஏன் விட்டோம்? வேகத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நன்றாகத் தீட்டிய கத்தி பிளேடுக்கு இளைத்ததே இல்லை. ரத்தத்துக்குப் பயந்துதான் விட்டோம். ஒருவர் கன்னத்தைக் கீறிய கத்தி அடுத்தவர் கன்னத்துக்குப் போகிறது. கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். கண்ணுக்கே தெரியாத காய்ந்த ரத்தம் போதும். துணியால் துடைத்தேன், படிகாரம் தடவினேன் என்பதெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொண்ட சமாதானம்.

இப்போது பிளேடைக் காகித உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியைப் பிடியில் செருகுகிறோம். வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறோம். ஜில்லெட் ரேசர் விற்பனைக்கு வந்த 1903இல் மொத்தமே 168 பிளேடுதான் விற்றது. அவரவர் வீட்டிலேயே மழித்துக்கொள்ளட்டும் என்று வந்த சரக்கு அது! கடைசியில் நம் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்து முடி வெட்டும் இந்தக் கை மிஷின். பிடியை முழுதாக அழுத்தி மூடுவதற்குள் தூக்கினால் முடி பல்லில் மாட்டி வெடுக்கென்று இழுக்கும். சின்னப் பிள்ளைகள் நாற்காலியைப் பார்த்ததும் அழுததற்குப் பாதிக் காரணம் இதுதான். இது போனதற்காக நான் கண்ணீர் விடமாட்டேன். 1919இல் லியோ வால் என்பவர் மின்காந்த மிஷினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்த வகை மிஷினில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால், காந்தம் நொடிக்கு 100 தடவை பல்லை இழுக்கிறது. எந்தக் கை அதற்கு ஈடுகொடுக்கும்? மிஷின் மேல் சீப்பு மாட்டினால் விட்டுவைக்கும் முடியின் அளவும் தவறாது: 1ஆம் நம்பர் 3 மில்லிமீட்டர், 2ஆம் நம்பர் 6. ஆனால் எண்ணெய் விட மறந்தால் இதுவும் சூடேறி, கை மிஷின் மாதிரியே முடியைப் பிடித்து இழுக்கும். எண்ணெய்ச் சொட்டு விஷயத்தில் சோம்பல்படாதீர்கள்.

கத்தரியை மட்டும் பெட்டிக்குள் போடவில்லை, கவனித்தீர்களா? முன்வரிசைத் தம்பி, கொஞ்சம் திரும்புங்கள். உச்சியில் இரட்டைச் சுழி. முடி நாலு பக்கமும் ஓடுகிறது. மிஷினை எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஒரு பக்கம் ஒட்ட வெட்டுப்பட்டு, ஒரு பக்கம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். மேலே வாருங்கள் தம்பி. பயப்படாதீர்கள், மிஷினைத் தொடமாட்டேன். யாராவது ஒரு சீப்பு கொடுங்கள்.