பெஞ்சில் காத்திருந்தவர்

(வட்டார சமூக மன்றம் ஒன்றில் இளையர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை, அதுவும் மழை பிடித்துக்கொண்ட நேரம். இருந்தும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். முன்வரிசையில் என்னிடம் கூடைப்பந்துப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள். பின்னால் அவர்களுடைய அம்மா அப்பாக்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

போன மாதம் ஓர் ஆட்டம் முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து, "சார், ஆட்டம் முழுக்க அவனை பெஞ்சிலயே உக்கார வச்சிட்டீங்களே. இதுக்கு அவன் டியூஷனுக்காவது போயிருப்பானே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இன்று அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் என் வாயால் சொல்வதைவிட, வாழ்நாளில் பாதியை பெஞ்சில் கழித்த ஒரு மனிதரின் கதையைச் சொல்வது மேல் என்று தோன்றியது. அவர் பெயர் ஸ்டீவ் கெர்.

பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பயிற்றுவிப்பாளர், ஸ்டீபன் கர்ரியின் கோச். 2015, 2017, 2018, 2022 என நான்கு முறை அந்த அணி அவருக்குக் கீழே, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் கிண்ணத்தை வென்றது. அவர் ஆட்டக்காரராகவும் இருந்தார் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதுதான் விஷயம்.

அவர் என்பிஏவில் ஆடியது 15 பருவங்கள், 910 ஆட்டங்கள். அவற்றில் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கியது வெறும் 30 ஆட்டங்களில். மற்ற 880 ஆட்டங்களிலும் அவர் பெஞ்சிலிருந்து எழுந்து போனவர். சராசரி, ஆட்டத்துக்கு 6 புள்ளி. இப்படிச் சொன்னால் சாதாரண ஆள் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் எறிந்ததில் நூற்றுக்கு 45.4 கூடைக்குள் விழுந்தது. அது என்பிஏ சாதனை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து உடம்பு ஆறிப்போன பிறகு எழுந்து போய், முதல் பந்தையே வலைக்குள் போடுவது எவ்வளவு கடினம் என்பது பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரியும். 1996இல் நான் உயர்நிலை மூன்றில் இருந்தேன். பள்ளிக் கூடைப்பந்து அணியில் நான் ஒருவன்தான் தமிழ்ப் பையன். என் கூட்டாளிகள் எல்லாம் காற்பந்துக்குப் போய்விட்டார்கள். "அது சீனர் ஆட்டம்டா, உனக்கு எதுக்கு?" என்று என் மாமாவே கேட்டார். பயிற்சி முழுக்க மாண்டரினில் நடக்கும். 'சுவான்' என்றால் பந்தைக் கொடு என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் பயிற்றுவிப்பாளர் வெள்ளைப் பலகையில் போடும் அம்புக்குறிகளைப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான். இரண்டு ஆண்டுகளில் போட்டிகளில் நான் ஆடியது மொத்தம் பதினோரு நிமிடம். எண்ணி வைத்திருந்தேன். உட்கார்ந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்த இரண்டு ஆண்டில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, கெர் கதைக்கு வருவோம்.

அவர் பிறந்தது அமெரிக்காவில் இல்லை. 1965இல் லெபனானின் பெய்ரூட்டில் பிறந்தார். தாத்தாவும் பாட்டியும் முதல் உலகப் போருக்குப் பிறகு ஆர்மீனிய அனாதைப் பிள்ளைகளைப் பராமரிக்க அந்தப் பக்கம் போனவர்கள். அப்படியே பெய்ரூட்டில் தங்கிவிட்டார்கள். அப்பா மால்கம் கெர் மத்தியக் கிழக்கு அரசியலைக் கரைத்துக் குடித்த பேராசிரியர். 1982இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். 1984 ஜனவரி 18ஆம் தேதி, தம் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்போது ஸ்டீவுக்கு வயது 18. அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். நடு இரவில் தொலைபேசியில் செய்தி வந்தது. இரண்டு நாள் கழித்து அணிக்கு ஓர் ஆட்டம் இருந்தது. ஆடுகிறேன் என்றார். ஆட்டத்துக்கு முன் மௌன அஞ்சலி நடந்தபோது அழுதார். பிறகு பெஞ்சிலிருந்து எழுந்து போய் எறிந்த முதல் பந்து கூடைக்குள் விழுந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 1988இல், எதிரணியின் ஊரில் ஆடப் போனபோது பார்வையாளர்கள் சிலர் அவர் அப்பாவின் சாவைச் சொல்லியே கேலிக் கூச்சல் போட்டார்கள். அவர் கையிலிருந்த பந்து நழுவியது. பெஞ்சில் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்த ஆட்டத்தின் முதல் பாதியில் அவர் எறிந்த ஆறு மூன்று புள்ளிப் பந்துகளும் உள்ளே விழுந்தன. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. பெற்றோரே, ஆட்டம் பார்க்க வரும்போது எதிரணிப் பிள்ளையை நோக்கி நாம் என்ன கத்துகிறோம் என்பதை ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அதே ஆண்டு என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஐம்பதாவது ஆள். இரண்டு ஆண்டுக்கு முன்பே முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு பருவம் முழுக்க ஆடாமல் இருந்தவர். ஃபீனிக்ஸ், கிளீவ்லாந்து, ஒர்லாண்டோ என்று ஊர் ஊராக மாற்றப்பட்டார். 1993இல் சிகாகோ புல்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கேதான் மைக்கல் ஜோர்டன். 1995இல் பருவத்துக்கு முந்தைய பயிற்சியில் ஜோர்டன் இவரை வார்த்தையால் சீண்டினார், இடித்தார். இவர் திருப்பிக் கொடுத்தார். கைகலப்பில் கெருக்குக் கண் கறுத்துப்போனது. பயிற்றுவிப்பாளர் ஃபில் ஜாக்சன் ஜோர்டனைப் பயிற்சியிலிருந்து வெளியே அனுப்பினார். அன்றே ஜோர்டன் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு இருவருக்கும் இடையே ஒரு நம்பிக்கை வந்தது. ஜோர்டனின் அப்பாவும் 1993இல் சுட்டுக் கொல்லப்பட்டவர்தான். ஆனால் அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை என்று கெர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

புல்ஸ் அணியோடு 1996, 97, 98இல் மூன்று கிண்ணம். பிறகு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் கிரெக் போப்பவிச்சுக்குக் கீழே 1999, 2003இல் இரண்டு. 2003ஆம் ஆண்டுக் கதையை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கெருக்கு அப்போது 37 வயது. அந்த ஆண்டின் வெளியேற்றுச் சுற்றுகளில் அவர் ஆடியதே அபூர்வம். மேற்குப் பிரிவு இறுதியின் ஆறாவது ஆட்டம், டல்லாஸில். முதல்நிலைப் பந்து நடத்துநர் டோனி பார்க்கருக்கு வயிறு சரியில்லை. ஸ்பர்ஸ் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் கெரை எழுப்பினார்கள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நான்கு பந்து எறிந்தார். நான்கும் உள்ளே. ஸ்பர்ஸ் வென்றது, இறுதிச் சுற்றுக்குப் போனது. வாரக்கணக்காக ஆடாத ஒருவரால் இது எப்படி முடிந்தது? ஆட்டம் இல்லாத நாளிலும் அவர் தனியாக எறிந்து பழகிக்கொண்டிருந்தார். வேறு ரகசியம் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சி வருணனையாளராக இருந்தார், மூன்று ஆண்டு ஃபீனிக்ஸ் அணியின் பொது மேலாளராக இருந்தார். அதைக் கடந்து போகிறேன். 2014இல் வாரியர்ஸ் அழைத்தது. அதற்கு முன் ஒரு நாள்கூட எந்த அணிக்கும் அவர் பயிற்றுவிப்பாளராக இருந்ததில்லை.

வந்ததும் என்ன செய்தார்? இங்கேதான் அந்த 880 ஆட்டங்கள் பேசுகின்றன. அதற்கு முந்தைய பருவத்தில், ஓர் ஆட்டத்தில் கொடுக்கும் பாஸ் எண்ணிக்கையில் வாரியர்ஸ் 30 அணிகளில் கடைசி. வெற்றி வந்துகொண்டிருந்தது, ஆனால் பந்து இரண்டு மூன்று பேர் கையிலேயே சுற்றியது. கெர் ஓர் இலக்கு வைத்தார்: ஆட்டத்துக்கு 300 பாஸ். தன் கைக்குப் பந்து வரும் என்று தெரிந்தவன் ஓடுவான், தடுப்பான், விழித்திருப்பான். வராது என்று தெரிந்தவன் நின்றுவிடுவான். அதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அந்தப் பருவத்தில், கூடை விழ உதவும் பாஸ்களில் அதே வாரியர்ஸ் என்பிஏவில் முதலிடம். 67 வெற்றி, 15 தோல்வி.

இன்னொன்று செய்தார், இது இன்னும் கடினம். ஆண்ட்ரே இகுவதாலா என்ற மூத்த ஆட்டக்காரர் அதுவரை 758 ஆட்டம் ஆடியிருந்தார். 758லும் அவர் தொடக்க ஐவரில் ஒருவர். அவரிடம் போய், இனி நீ பெஞ்சிலிருந்து வா என்று சொல்ல வேண்டும். இந்தக் கூடத்தில் வேலை பார்க்கும் பெரியவர்கள் நினைத்துப் பாருங்கள். அந்தப் பேச்சை யார் சொன்னால் கேட்பீர்கள்? 880 முறை அங்கிருந்து எழுந்து போனவர் சொன்னதால்தான் அது எடுபட்டது என்று நான் நம்புகிறேன். இகுவதாலா ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு இறுதிச் சுற்றில் கிளீவ்லாந்து 2-1 என்று முன்னிலையில் இருந்தது. நான்காவது ஆட்டத்தில் இகுவதாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள். தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்று, வாரியர்ஸ் 40 ஆண்டுக்குப் பிறகு கிண்ணம் வாங்கியது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அதே இகுவதாலாவுக்கு.

அந்த மாற்றத்தை யோசித்தது கெர் இல்லை. நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர், பழைய ஆட்டங்களின் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குத் தோன்றியது. அதிகாலை மூன்று மணிக்குத் துணைப் பயிற்றுவிப்பாளர் லூக் வால்ட்டனுக்குச் செய்தி அனுப்பினார். கெர் அதை ஏற்றுக்கொண்டார். வென்ற பிறகு, இது நிக்கின் யோசனை என்று ஊரறியச் சொன்னார். பிள்ளைகளே, நம் அணியில் ஆட்ட எண்ணிக்கைப் பலகையைப் பார்த்துக்கொள்ளும் பையனும் பேசலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த பருவமே அவருக்கு மறுபடியும் உட்கார வேண்டியதாயிற்று. முதுகு அறுவை சிகிச்சையில் சிக்கல், தாங்க முடியாத தலைவலி. முதல் 43 ஆட்டங்களை வால்ட்டன் நடத்தினார். 39 வெற்றி, 4 தோல்வி. தலைவர் இல்லாமலே அணி அப்படி ஓடியது. அந்தப் பருவம் முடிந்தபோது 73 வெற்றி, 9 தோல்வி. இறுதிச் சுற்றில் 3-1 என்று முன்னிலையில் இருந்தும் கிண்ணம் கைநழுவிப் போனது.

2018 பிப்ரவரியில் ஒரு நாள் பலகையையும் பேனாவையும் ஆட்டக்காரர்களிடமே கொடுத்துவிட்டார். இடைவேளைகளில் அவர்களே உத்தி வரைந்தார்கள். என் குரலைக் கேட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது என்றார். ஃபீனிக்ஸை 46 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். எதிரணியில் சிலர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

அவர் தவறே செய்யாதவர் என்று சொல்ல நான் வரவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கு அவர்தான் பயிற்றுவிப்பாளர். அந்த அணியிலிருந்த ஜேசன் டேட்டம் இரண்டு மாதத்துக்கு முன்புதான் பாஸ்டன் அணியோடு என்பிஏ கிண்ணம் வாங்கி வந்தவர். செர்பியாவுக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் அவரை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. அமெரிக்கா தங்கம் வென்றது. ஆனாலும் டேட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் படம் என் மனதில் நின்றுவிட்டது. பன்னிரண்டு பேர், ஐந்து இடம். பெஞ்சை இவ்வளவு அறிந்த மனிதருக்கே அந்தக் கணக்கு சரியாக வரவில்லை. அது ஏன் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார், தனக்கும் கஷ்டமாக இருந்தது என்றார்.

இப்போது அந்த அம்மாவுக்கு. பின்வரிசையில் அவர் இருக்கிறார், பார்த்துவிட்டேன். அம்மா, உங்கள் பையனை அன்று உட்கார வைத்தது என் முடிவு. எதிரணியில் உயரமான பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள், அதனால் செய்தேன். ஆனால் அதை அவனிடம் நான் சொல்லவில்லை. 1996இல் எனக்கு நடந்ததையே நான் அவனுக்குச் செய்துவிட்டேன். அது என் தப்பு. இப்போதெல்லாம் ஆட்டத்துக்கு முன் பெஞ்சில் உட்காரப்போகும் ஒவ்வொருவனிடமும் இரண்டு விஷயம் சொல்கிறேன்: ஏன் உட்கார்கிறாய், உட்கார்ந்து எதைப் பார்க்க வேண்டும். போன வாரம் உங்கள் பையன்தான் என் காதில் வந்து சொன்னான், "கோச், அவங்க ஏழாம் நம்பர் எப்பவும் இடது பக்கம்தான் திரும்புறான்" என்று. அவன் சொன்னது சரியாக இருந்தது.

இனி திரையைப் போடலாம். 1997 ஜூன் 13, சிகாகோவில் யூட்டா ஜாஸுக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். இங்கே நமக்கு அது ஜூன் 14, சனிக்கிழமை காலை, பள்ளி விடுமுறை. நண்பன் வீட்டில் பதிவு செய்த நாடாவில் அன்று மாலை இதைப் பார்த்தேன். தேய்ந்து போகும்வரை பார்த்தோம். ஆட்டம் முடியச் சில நொடிகள்தான், 86க்கு 86. அப்போது எடுத்த சிறு இடைவேளையில் ஜோர்டன் கெரிடம், தயாராக இரு என்கிறார். தயாராக இருப்பேன் என்கிறார் கெர். ஜோர்டனிடம் பந்து போகும், இரண்டு பேர் அவர்மேல் பாய்வார்கள். எல்லோரும் ஜோர்டனைத்தான் பார்ப்பீர்கள். வேண்டாம், 25ஆம் எண் சட்டையைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன் அவருடைய கை எங்கே இருக்கிறது, பாதம் எங்கே இருக்கிறது, அதை மட்டும் பாருங்கள்.

விளக்கை யாராவது அணைக்கிறீர்களா?